கடைக்காரர் படித்த இதழ்கள்: ஆடை வரலாற்று ஆய்வாளர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஆடை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மூன்று வகைச் சான்றுகளை நம்பியே எழுதப்பட்டு வருகின்றன. அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள உடைகள் ஒன்று; ஓவியங்களும் ஒளிப்படங்களும் மற்றொன்று; 1867இல் தொடங்கிய 'ஹார்ப்பர்ஸ் பஜார்', 1892இல் தொடங்கிய 'வோக்' போன்ற, உடுத்துவோருக்காக நடத்தப்பட்ட அலங்கார இதழ்கள் மூன்றாவது. இவற்றின் மதிப்பில் ஐயமில்லை. ஆயினும் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வசதி படைத்தோர் பேணி வைத்த திருமண உடையும் விருந்து உடையுமே. அன்றாடம் உடுத்திக் கிழிந்த உடை கந்தலாகிப் போயிருக்கும். அலங்கார இதழோ, வாசகி எதை விரும்ப வேண்டும் என்று சொன்னதே தவிர, அவள் ஊர்க் கடையில் எது, எந்த விலைக்கு, எத்தனை வாரம் விற்றது என்பதைச் சொல்லும் கடமையை ஏற்கவில்லை. அந்தக் கடமையை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் வாரந்தோறும் எழுதிக் குவித்த நான்காவது சான்று ஒன்று உண்டு. ஆடைத் தொழிலின் வணிக இதழ்களே அவை. அவற்றை மேற்கோளுக்கு ஒரு வரி எடுக்கும் துணைச் சான்றாகக் கருதாமல், ஆய்வின் அடித்தளமாகவே கொள்ள வேண்டும் என்று வேண்டுவதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது.

வணிக இதழ் என்பது ஒரு தொழிலில் ஈடுபட்டோர் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக நடத்திய இதழ். ஆலை முதலாளி, மொத்த வியாபாரி, தையற்கூட உரிமையாளர், பெருங்கடையின் கொள்முதல் அலுவலர் ஆகியோரே அதன் வாசகர்கள். இலண்டனில் 1866இல் தொடங்கிய 'டெய்லர் அண்ட் கட்டர்' தையற்காரர்களுக்கு வெட்டு முறைகளை அளவு வரைபடங்களோடு கற்றுக்கொடுத்தது. 1887இல் அதே நகரில் தொடங்கிய 'டிரேப்பர்ஸ் ரெகார்டு' துணிக்கடைக்காரர்களுக்கானது. பெர்லின் நகரின் ஆயத்த ஆடை வணிகத்துக்கு 'டெர் கான்ஃபெக்ஷனேர்' என்ற இதழ் இருந்தது. பாரிசில் 1921இல் 'லொஃபிசியெல்' தொடங்கிற்று. இவை யாவும் தத்தம் நகரத்தின் தொழிலை உள்ளிருந்து காட்டுபவை என்றாலும், ஓர் ஆய்வாளர் எங்கேனும் ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டித்தான் முறையைக் கற்க முடியும் என்பதால், இம்மடல் பெரும்பாலும் நியூயார்க் நகரத்தின் வணிக இதழ்களையே எடுத்துக்கொள்கிறது.

அவற்றுள் தலையாயது 'உமன்ஸ் வேர் டெய்லி'. எட்மண்ட் ஃபேர்சைல்டு, ஆண்கள் ஆடை வணிகத்துக்காக ஏற்கெனவே நடத்திவந்த நாளிதழின் கிளையாக இதனை 1910 ஜூலை 13 அன்று தொடங்கினார். தொடக்கத்தில் 'உமன்ஸ் வேர்' என்பதே அதன் பெயர். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. சரியாக ஆறு நாட்களுக்கு முன், ஜூலை 7 அன்று, நியூயார்க்கின் மேலங்கித் தையல் தொழிலாளர்கள் ஏறத்தாழ 60,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். செப்டம்பர் 2 அன்று வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ் முன்னின்று உருவாக்கிய சமாதான உடன்படிக்கையோடு அது முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ரவிக்கைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் மாண்டனர். மாண்டோரில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்ணின் அடையாளமாகவே பாடநூல்கள் காட்டும் வெள்ளைப் பருத்தி ரவிக்கை, இந்த ஆண்டுகளின் வணிக இதழ்ப் பக்கங்களில் கூலி, சரக்கு தாமதம், ஒப்பந்தக் கூடம், தீயணைப்பு விதி ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்தே காணப்படுகிறது. உடையின் வடிவத்தையும் அது உருவான நிலைமைகளையும் தனித்தனி நூல்களில் எழுதும் வழக்கம் பின்னாளைய கல்வித்துறைகள் ஏற்படுத்திக்கொண்டதே அன்றி, அந்தத் தொழிலில் அத்தகைய பிரிவினை இருந்ததில்லை.

இத்தகைய இதழில் ஆய்வாளர் முதலில் திருப்ப வேண்டியது முகப்புக் கட்டுரையை அன்று. உள்ளே பொடி எழுத்தில், படமின்றி, பத்தி பத்தியாக அச்சிடப்பட்டிருக்கும் கொள்முதலாளர் வருகைப் பட்டியலே மிகுந்த செய்தி தருவது. வெளியூர்ப் பெருங்கடைகள் தம் ஆட்களை நியூயார்க்குக்கு அனுப்பிச் சரக்கெடுத்தன. எந்த ஊர், எந்தக் கடை, வந்திருப்பவர் பெயர், அவர் மேலங்கிக்கு வந்தவரா தொப்பிக்கு வந்தவரா, எந்த ஓட்டலில் தங்கியிருக்கிறார் என்பவை அப்பட்டியலில் ஒவ்வொரு வரியாக நின்றன. விற்பனையாளர் அந்த ஓட்டலைத் தேடிப் போவதற்காக அச்சிடப்பட்ட செய்தி அது. ஆனால் ஒரே கடையின் பெயரை ஓராண்டு முழுவதும் தொடர்ந்து குறித்துக்கொண்டு வந்தால், அந்தக் கடை ஆண்டுக்கு எத்தனை முறை சரக்கெடுத்தது, எந்தப் பிரிவுக்குத் தனி ஆள் வைத்தது, எந்த ஆண்டில் மலிவுச் சரக்குக்கென்று வேறொருவரை அனுப்பத் தொடங்கியது என்பன தெரியவரும். சிறுநகரம் ஒன்றில் புதுப்பாணி எப்போது வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை வேறெங்கும் கிடைப்பது அரிது. அதே பக்கங்களில் வரும் வரி விளம்பரங்களில் வெட்டுக்காரர் தேவை, பழைய தையல் இயந்திரங்கள் விற்பனைக்கு, ஒப்பந்தத்துக்குக் கூடம் தயார் என்ற அறிவிப்புகள் இருக்கும். திருப்பூர் வாசகர்களுக்கு 'ஜாப் ஒர்க்' என்ற பெயரில் நன்கு பழக்கமான அதே வேலைப் பங்கீட்டு முறை, நூறாண்டுக்கு முந்திய நியூயார்க்கில் எவ்வாறு இயங்கியது என்பதை அந்த வரிகள் காட்டிக்கொடுக்கின்றன.

விலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1930களின் அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழில் விலைப்படிகளின் மேல் நின்றது. விலைப்படி என்பது மொத்த விற்பனைக்கென்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட தொகை. ஒரு கூடம் 6.75 டாலர் உடை செய்யும், மற்றொன்று 10.75 டாலர் உடை செய்யும், இன்னொன்று 16.75 டாலர் உடை செய்யும். உடையை வடிவமைத்துவிட்டு விலை போடும் வழக்கம் இல்லை. விலை முதலில் நிற்க, துணியின் தரம், பொத்தானின் எண்ணிக்கை, மடிப்பின் அளவு, உள்துணி உண்டா இல்லையா என்பன அதற்குள் அடங்குமாறு அமைக்கப்பட்டன. மேல்படியில் வெற்றி பெற்ற வடிவம் சில வாரங்களில் கீழ்ப்படிக்கு இறங்கும். இறங்கும்போது பட்டு ரேயானாகும், உள்துணி போய்விடும், கையால் கட்டிய பொத்தான் துளை இயந்திரத் துளையாகும், கொசுவம் குறையும். அருங்காட்சியக அலமாரியில் தொங்கும் இரண்டு உடைகள் தோற்றத்தில் ஒன்றாகவும் வேலைப்பாட்டில் வேறாகவும் இருந்தால், தையற்காரரின் திறமையைக் குறைகூறுவதற்கு முன் அவை எந்தெந்த விலைப்படியைச் சேர்ந்தவை என்று வணிக இதழ் விளம்பரங்களில் தேடிப் பார்ப்பதே முறை.

இந்த இறக்கத்தைத் தடுக்கவே மேல்படி உற்பத்தியாளர்கள் 1932இல் 'ஃபேஷன் ஒரிஜினேட்டர்ஸ் கில்டு' என்ற சங்கத்தை அமைத்தனர். அமெரிக்கச் சட்டம் உடை வடிவத்துக்குப் பதிப்புரிமை தராததால், சங்கம் தனக்கென ஒரு பதிவு முறையை ஏற்படுத்திக்கொண்டது. உறுப்பினர் தம் வடிவத்தைச் சங்கத்தில் பதிவு செய்வர். அதன் நகலை விற்பதில்லை என்று கடைக்காரர்கள் கையெழுத்திட்டுத் தருவர். சங்கத்தின் ஆட்கள் கடைகடையாகச் சென்று சோதிப்பர். நகல் விற்று அகப்பட்ட கடையின் பெயர் உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விடப்பட்டு, அதற்குச் சரக்குத் தருவது நிறுத்தப்படும். நாடெங்கும் 12,000க்கும் மேற்பட்ட கடைகள் ஒத்துழைப்பதாக ஒப்பம் இட்டிருந்தன. 1936ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மொத்த விலை 6.75 டாலரும் அதற்கு மேலும் உள்ள பெண்கள் உடைகளில் 38 விழுக்காட்டுக்கு மேலும், 10.75 டாலரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் 60 விழுக்காட்டுக்கு மேலும் இச்சங்க உறுப்பினர்களின் கையில் இருந்தன. வணிகப் போட்டியை ஒடுக்கும் கூட்டு என்று கூட்டாட்சி வணிக ஆணையம் இதனை எதிர்த்தது. 1941இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில், ஆணையத்தின் பக்கமே நின்றது.

தீர்ப்பு சட்ட நூல்களில் கிடைக்கும். ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளில் எந்தக் கழுத்து வடிவம், எந்தக் கை வடிவம் நகலுக்கு ஆளாயிற்று, எந்தக் கடை முரண்டு பிடித்தது, சங்கத்தை எதிர்த்த மலிவு உற்பத்தியாளர் தம் தரப்பில் என்ன வாதாடினர் என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வதற்கு அக்கால வணிக இதழ்களின் நாள்வாரித் தொகுதியை விட்டால் வேறு வழியில்லை. புதுப்பாணி மேலிருந்து கீழே தானாகவே வழிந்து பரவுகிறது என்ற பழைய கோட்பாட்டை ஏற்பவரும் மறுப்பவரும் இந்த வழக்கின் பக்கங்களைப் படித்த பின்னரே பேசுவது நன்று. பரவல் என்று கோட்பாட்டாளர் அழைத்தது, களத்தில் வேவும் வழக்கும் சரக்கு மறுப்புமாக நடந்த விலைப் போராட்டமாகவே இருந்திருக்கிறது.

நிறத்தின் வரலாறும் இவ்வாறே. முதல் உலகப் போருக்கு முன் அமெரிக்க ஆலைகள் செயற்கைச் சாயங்களுக்கு ஜெர்மனியையும், வரும் பருவத்துக்குரிய நிறங்களை அறிவிக்கும் வண்ண அட்டைகளுக்குப் பிரான்சையும் நம்பியிருந்தன. வண்ண அட்டை என்பது சாயமிட்ட பட்டு நூல் அல்லது நாடாத் துண்டுகளை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் பெயரும் இட்ட மாதிரித் தாள். 1914இல் போர் மூண்டு பிரித்தானியக் கடற்படை வழியை அடைத்ததும் சாய வரத்து நின்றது. 1916 ஜூலையில் 'டாய்ச்லாந்து' என்ற ஜெர்மானிய வணிக நீர்மூழ்கிக் கப்பல் பால்டிமோர் துறைமுகத்தில் வந்து சாயச் சரக்கை இறக்கியது பெருஞ்செய்தியாகும் அளவுக்குத் தட்டுப்பாடு இருந்தது. அமெரிக்கத் தொழிலினர் தமக்கென ஒரு வண்ண அட்டைச் சங்கத்தை அமைத்துக்கொண்டதும் இந்த நெருக்கடியில்தான். இந்த ஆண்டுகளின் உடைகளில் வெள்ளையும் கறுப்பும் மங்கலான நிறங்களும் மிகுந்திருப்பதைக் காணும் ஆய்வாளர், அதைப் போர்க்காலத் துயர உணர்வின் வெளிப்பாடு என்று எழுதுமுன், சாயத்தின் விலை நிலவரத்தை இதழ்களில் பார்த்துவிட வேண்டும்.

பாரிசிலிருந்து வடிவங்கள் வருவதும் தடுமாறிய அதே வேளையில் 'உமன்ஸ் வேர்' இதழின் ஆய்வு ஆசிரியரான எம். டி. சி. கிராஃபோர்டு, அமெரிக்க ஆடைக் கலைக்குரிய ஊற்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது என்று வாதாடத் தொடங்கினார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் பெரு நாட்டுப் பழந்துணிகளையும், சைபீரிய மக்களின் தோல் உடைகளையும், செவ்விந்தியர் கைவினைகளையும் வடிவமைப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது. இதழ் 1916 முதல் 1922 வரை துணி வடிவமைப்புப் போட்டிகளை நடத்தியது. 1919 நவம்பரில் அருங்காட்சியகத்திலேயே ஒரு பெரிய கண்காட்சியும் நடந்தது. புரூக்ளின் அருங்காட்சியகத்தின் ஸ்டுவர்ட் கியூலினும் இம்முயற்சியில் தோள் கொடுத்தார். தொழிலைப் பற்றி எழுத வந்த இதழ் தொழிலின் போக்கையே திருப்ப முனைந்ததற்கு இது தெளிவான சான்று. வணிக இதழை நடுநிலையான சாட்சியாகக் கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையும், அதன் செயலே வரலாற்றின் ஒரு பகுதி என்ற உண்மையும் இந்த நிகழ்ச்சியில் ஒருங்கே அடங்கியுள்ளன.

இனித் துணி மாதிரிகளைப் பற்றி. அச்சிட்ட பக்கத்தில் உண்மையான துணியையே ஒட்டித் தரும் வழக்கம் பழையது. இலண்டனில் 1809 முதல் 1829 வரை வெளியான ஆக்கர்மனின் 'ரெப்பாசிட்டரி' இதழ் சில ஆண்டுகள் இவ்வாறு செய்தது. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் தொகுத்து, 20 படிகள் மட்டும் செய்வித்தார். அவற்றில் 13 பிரித்தானியாவிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்திய மக்கள் எத்தகைய தலைப்பாகையை, எத்தகைய சேலையை, எந்த நீள அகலத்தில் விரும்பி உடுத்துகின்றனர் என்பதை லங்காஷயர் ஆலைகள் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நெய்து இங்கேயே விற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அளவும் எடையும் வாங்கிய இடமும் குறித்த அந்தத் தொகுதிகள், நெசவாளரின் வாழ்வைப் பறிக்கத் தொகுக்கப்பட்டவை. அந்நெசவாளரின் கைவேலைக்குக் கிடைத்துள்ள மிகச்சிறந்த சான்றுகளுள் ஒன்றும் அவையே.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கத்தைப் பெருக்கியவை அமெரிக்க இதழ்கள். 1931இல் தொடங்கிய 'அப்பேரல் ஆர்ட்ஸ்' ஆண்கள் ஆடைக் கடைகளுக்கானது. கடைக்காரர் அதைப் பலகையின் மேல் விரித்து வைத்து, வந்தவருக்குப் படத்தையும் துணியையும் ஒருசேரக் காட்டி ஆர்டர் பிடிப்பார். வாடிக்கையாளர்கள் அந்த இதழைத் தமக்கே வேண்டும் என்று கேட்டு எடுத்துச் செல்லத் தொடங்கியதைக் கண்ட பதிப்பாளர்கள் 1933இல் 'எஸ்குவயர்' இதழைத் தொடங்கினர். 1946இல் பிறந்த 'அமெரிக்கன் ஃபேப்ரிக்ஸ்' ஆலைகளின் புதுத்துணிகளைத் துண்டு துண்டாகப் பக்கங்களில் ஒட்டித் தந்தது. இத்தகைய பக்கம் ஒன்றைக் கையில் எடுத்து ஆராய்வோர் கவனிக்க வேண்டியவை பல. துண்டின் ஓரம் நூல் பிரியாதிருக்கப் பல்வெட்டாக நறுக்கப்பட்டிருக்கும். ஒரு விளிம்பு மட்டுமே பசையில் நிற்க, மறு விளிம்பை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்க்கலாம். ஒளி படாத அந்தப் பின்பக்கமே துணியின் முதல் நிறம். முன்பக்கத்தில் காண்பது பல ஆண்டு வெளிச்சத்தில் வெளுத்த நிறம். எதிர்ப்பக்கத் தாளில் துணியின் வடிவிலேயே பழுப்புச் சதுரம் ஒன்று படிந்திருக்கும். துண்டு விழுந்து தொலைந்த படிகளில் இந்தப் பழுப்புச் சதுரம் ஒன்றே அங்கு ஒரு மாதிரி இருந்ததற்குச் சான்றாக எஞ்சியிருக்கும். நெசவுக் கண்ணாடி என்னும் சிறு உருப்பெருக்கியை வைத்து ஓர் அங்குலத்துக்குப் பாவும் ஊடையும் எத்தனை என்று எண்ணிவிட்டால், அருங்காட்சியகத்தில் பெயர் தெரியாமல் கிடக்கும் ஒரு சட்டையின் துணி எந்த ஆலையினது, எந்தப் பருவத்தினது என்று ஒப்பிட்டுச் சொல்லவும் வழி பிறக்கும்.

தமிழ் ஆய்வாளர்கள் உடனே எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு பொருள் இங்கே காத்திருக்கிறது. சாயம் ஓடும் மெட்ராஸ் கட்டத்துணி 1960களில் அமெரிக்க இளைஞரிடையே பெரும்புகழ் பெற்றது. துவைக்கத் துவைக்க நிறம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பது அதன் குறையாகாமல் பெருமையாயிற்று. பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய சி. பி. கிருஷ்ணன் நாயர் 1958இல் அனுப்பிய துணியை வாங்கிய கடைக்கு வாடிக்கையாளரின் புகார்கள் வந்ததாகவும், வழக்கு வரை போகவிருந்த அச்சிக்கல், குறையையே விளம்பரமாக மாற்றும் உத்தியால் தீர்ந்ததாகவும் ஒரு கதை பலமுறை சொல்லப்பட்டு வருகிறது. மெட்ராஸ் சட்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்க அஞ்சல்வழிக் கடைப் பட்டியல்களில் இடம்பெற்றிருந்தன என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், கதைக்கு முன்னும் நெடிய வரலாறு உண்டு என்பது புலனாகும். நிறக் கசிவு புகாராக இருந்து விற்பனை உத்தியாக மாறியது எந்த மாதத்தில், எந்த இறக்குமதியாளரின் விளம்பரத்தில்? அமெரிக்க ஆலைகள் தம் போலித் துணியை எப்போது சந்தையில் இறக்கின? கைத்தறித் துணிக்குத் தந்த விலை, தேவை கூடியபோது கூடியதா? இக்கேள்விகளை 1950களின் இறுதி முதல் 1960களின் இறுதி வரையிலான ஆண்கள் ஆடை வணிக இதழ்களை வாரம் வாரமாகப் புரட்டி ஆராயலாம். தென்னிந்திய நெசவாளரின் பக்கத்திலிருந்து அந்த வரலாற்றை எழுதத் தமிழ் அறிந்தவரே தகுதியுடையவர்.

பழைய உடை ஒன்றின் காலத்தைக் கணிப்பதில் வணிக இதழ்களின் துணை பெரிது. அமெரிக்க உடையின் உட்புறத்தில் நீலக் கழுகு முத்திரை இருந்தால் அது 1933 முதல் 1935 வரையிலான தேசிய மீட்சித் திட்டக் காலத்தைச் சேர்ந்தது. பெண்கள் ஆடைத் தொழிற்சங்க லேபிளின் வடிவம் 1955, 1963, 1974 ஆகிய ஆண்டுகளில் மாறியது. உற்பத்தியாளர் பதிவு எண்களின் இன்றைய வரிசை 1959இல் தொடங்கியது. நிலையான துவைப்புக் குறிப்பு 1972 முதல் கட்டாயமாயிற்று. லேபிள் தருவது ஏறத்தாழ ஒரு பத்தாண்டு வரம்பு; அந்த நிறுவனம் எந்தத் தெருவுக்கு எப்போது இடம் மாறியது, எப்போது கூட்டாளி பிரிந்தார், எப்போது திவாலானது என்ற வணிக இதழ்ச் செய்தியைச் சேர்த்தால் வரம்பு இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருங்கும்.

எச்சரிக்கைகளும் உண்டு. வணிக இதழின் தேதி உடுத்திய தேதி அன்று. குளிர்கால மேலங்கி கோடை தொடங்குமுன்பே காட்டப்பட்டு, பின்னர் தைக்கப்பட்டு, அதன் பின்னரே கடைக்கு வரும்; ஆகவே காட்டிய நாள், சரக்கு வந்த நாள், உள்ளூர் நாளிதழில் கடை விளம்பரம் செய்த நாள் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பது நல்ல பழக்கம். இதழ் சொன்னது நடக்காமலும் போகலாம். 1970இல் ஜான் ஃபேர்சைல்டு தலைமையில் 'உமன்ஸ் வேர் டெய்லி' குட்டைப் பாவாடையின் காலம் முடிந்தது, கெண்டைக்கால் வரை நீளும் 'மிடி' வந்துவிட்டது என்று மாதக்கணக்கில் முழங்கியது. பெண்கள் ஏற்கவில்லை, எதிர்ப்புக் குழுக்கள் கூட அமைந்தன, சரக்கெடுத்த கடைகள் நட்டப்பட்டன. அந்த ஆண்டின் இதழை மட்டும் படித்தவர் அமெரிக்கப் பெண்கள் அனைவரும் மிடி உடுத்தியதாகவே எழுதிவிடுவார்.

இதழின் மௌனத்தைப் படிப்பது இதைவிடக் கடினம். பெர்லினில் ஹவுஸ்ஃபோக்டைபிளாட்ஸ் சதுக்கத்தைச் சுற்றியிருந்த ஆயத்த ஆடைத் தொழிலை வளர்த்தவர்களில் பெரும்பங்கினர் யூதர்கள். 1933இல் அமைக்கப்பட்ட 'அடெஃபா' என்ற கூட்டமைப்பு அவர்களைத் தொழிலிலிருந்து விரட்டுவதையே நோக்கமாகக் கொண்டு, தன் உறுப்பினர் தைத்த உடைகளில் தனி லேபிள் தைக்கச் செய்தது. நோக்கம் நிறைவேறியதும் 1939இல் கலைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் ஜெர்மானிய வணிக இதழ்களில் ஒரு நிறுவனத்தின் பெயர் மாறியதாக வரும் இரண்டு வரி அறிவிப்பு, ஒரு குடும்பத்தின் சொத்தும் உழைப்பும் பறிக்கப்பட்ட செய்தியாக இருக்கக்கூடும். அதை வெறும் பெயர் மாற்றமாகக் குறித்துச் செல்வது ஆய்வாளர் செய்யும் பெரும் அநீதி. அதுபோலவே தொழிலாளியின் குரலை முதலாளி சந்தா கட்டிய இதழில் எதிர்பார்க்க இயலாது. நியூயார்க்கைப் பொறுத்தவரை 1919இல் தொடங்கிய பெண்கள் ஆடைத் தொழிற்சங்கத்தின் 'ஜஸ்டிஸ்' இதழையும், யித்திய மொழி நாளிதழ்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காத ஆய்வு முழுமை பெறாது. அச்சங்கத்தின் ஆவணங்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீல் மையத்தில் உள்ளன.

நூலகர்களிடம் சொல்ல வேண்டியது தனியே உண்டு. இதழ்களை ஆண்டுத் தொகுதியாகக் கட்டடம் செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்கிவிடும் வழக்கம் உலகின் பல நூலகங்களில் நெடுங்காலம் இருந்தது. இடம் மிச்சமாகும் என்பது காரணம். அலங்கார இதழில் இதனால் நேரும் இழப்பு ஓரளவு. வணிக இதழிலோ விளம்பரமே உடல். அதை நீக்கினால் எஞ்சுவது தலையங்கம் மட்டுமே. அடுத்து வந்தது கறுப்பு வெள்ளை நுண்படச் சுருள். படமெடுத்தபின் மூல இதழ்களைக் கழித்துவிட்ட கொடுமையை நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியிட்ட 'டபுள் ஃபோல்டு' நூலில் விரிவாக எழுதினார். பிரிட்டிஷ் நூலகம் கழித்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை அவர் 1999இல் தாமே பணம் திரட்டி வாங்கிக் காத்ததும், அவை 2004இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றதும் நூலக உலகம் அறிந்தவை. நுண்படத்தில் ஒரு துணி மாதிரி சாம்பல் நிறச் சதுரமாகவே தெரியும். அதன் நிறமும் நெசவும் தொடு உணர்வும் படத்தில் ஏறுவதில்லை.

இன்றைய எண்மப் பதிப்புகள் பெரும் உதவி. 'உமன்ஸ் வேர் டெய்லி' முதல் இதழிலிருந்து எண்மமாக்கப்பட்டுள்ளது. வெளியாகி 95 ஆண்டுகள் கடந்த அமெரிக்க இதழ்களுக்குப் பதிப்புரிமைத் தடையும் இல்லாததால் அவற்றில் பலவற்றை எவரும் படிக்கலாம். எனினும் தேடல் பெட்டியை மட்டும் நம்பும் ஆய்வு ஏமாற்றத்தில் முடியும். அலங்கார எழுத்தில் அமைந்த விளம்பரங்களைக் கணினி பிழையாகவே படிக்கிறது. பின்ன விலைகளைச் சிதைக்கிறது. அக்காலத் தொழிலினர் வழங்கிய சொல் வேறாக இருந்தால் ஒன்றும் அகப்படாது. ஏதேனும் ஓர் ஆண்டைத் தேர்ந்து, ஒரு பருவம் முழுவதையும் பக்கம் பக்கமாகப் புரட்டிய பின்னரே தேடல் பெட்டிக்குச் செல்வது நல்லது. அந்தப் புரட்டலில்தான் ஆய்வாளர் தேடாத பொருள் கண்ணில் படும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஆய்வு மாணவர்கள் வணிக இதழை மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணோடு நிறுத்திவிடாமல், மூல இதழா, நுண்படமா, எண்மப் பதிப்பா எதைக் கண்டனர் என்பதையும் குறிக்க வேண்டும். பேராசிரியர்கள் ஆடை வரலாற்றுப் பாடத்தில் இத்தகைய இதழ் ஒன்றின் ஒரு வாரத் தொகுதியை முழுமையாகப் படிக்கும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும். நூலகர்கள் எண்மப்படுத்தும்போது விளம்பரப் பக்கங்களையும் வண்ணத்தில் எடுத்து, துணி மாதிரிகளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே படம் பிடித்து, படம் எடுத்தபின் மூலத்தைக் கழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் மதுரையிலும் பழைய துணிக்கடைகளின் பரண்களிலும் பின்னலாடைக் கூடங்களின் அலமாரிகளிலும் மாதிரிப் புத்தகங்களும் விலைப் பட்டியல்களும் தொழில் விவரத் தொகுப்புகளும் இன்னும் கிடக்கின்றன. கடை கைமாறும்போது அவை எடைக்குப் போகின்றன. அவ்வாறு போகுமுன், அருகிலுள்ள கல்லூரி நூலகமோ மறைமலையடிகள் நூலகமோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமோ அறியும்படி ஒரு கடிதம் எழுதுவது உரிமையாளருக்குச் சிறிய வேலை. அக்கடிதத்தை உரிமையாளர் எழுதும்படி செய்வதை ஆடை வரலாறு பயிலும் ஒவ்வொருவரும் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.